முதற் கட்டுரைக்கு என்ன மறுமொழி?

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



யாருடைய நினைவாக இங்கே கூடியிருக்கிறோமோ, அந்த ஆசிரியப் பெருந்தகை மாணவரின் கட்டுரைக் கொப்பிகளை எவ்வளவு பொறுமையோடு திருத்தினார் என்பதை இந்த மண்டபத்தில் பலர் நேரே அறிவீர்கள். அவர் பெயரால் பேசும்போது வேறொரு பொருளை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. தமிழ் விக்கிப்பீடியாவில் முதன்முதலாக ஒரு கட்டுரை எழுதும் ஒருவருக்கு, அங்கே முன்பிருந்தே எழுதிவருபவர்கள் என்ன மறுமொழி சொல்ல வேண்டும், அதை எப்படிச் சொல்ல வேண்டும்? இதுதான் இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். பார்க்கச் சிறியது. ஆனால் நாளை நம் பிள்ளைகள் இணையத்தில் தமிழில் ஒன்றைத் தேடும்போது அங்கே என்ன இருக்கும் என்பதை இந்தச் சிறிய பொருள்தான் தீர்மானிக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் இதில் யாழ்ப்பாணத்துக்கு உள்ள உரிமையைச் சொல்லிவிடுகிறேன். தமிழில் அகரவரிசையில் அமைந்த முதற் கலைக்களஞ்சியம் என்று போற்றப்படும் ‘அபிதானகோசம்’ 1902இல் இந்த மண்ணில்தான் வெளிவந்தது. அதைத் தொகுத்த ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை மானிப்பாயைச் சேர்ந்தவர். சிங்காரவேலு முதலியாரின் ‘அபிதான சிந்தாமணி’ அதற்கு எட்டு ஆண்டுகள் கழித்து, 1910இல் வந்தது. பிறகு பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு, தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் ‘கலைக்களஞ்சியம்’ 1954 தொடக்கம் பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது. விக்கிப்பீடியா ஆங்கிலத்தில் தொடங்கியது 2001 சனவரியில். தமிழ்ப் பதிப்பு 2003இல் பெயரளவில் திறக்கப்பட்டது. அந்த ஆண்டு நவம்பரில் அதற்குள் வந்து, இடைமுகத்தைத் தமிழாக்கி, நாளுக்கு நாள் கட்டுரைகளை எழுதி, அதை ஒரு கலைக்களஞ்சியம் என்று சொல்லத்தக்க நிலைக்குக் கொண்டுவந்தவர் இ. மயூரநாதன். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த கட்டடக்கலைஞர். அப்போது ஐக்கிய அரபு அமீரகத்தில் பணியாற்றிக்கொண்டிருந்தார். கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் 2015ஆம் ஆண்டுக்கான இயல் விருதை அவருக்கு வழங்கியது. 2017 மே மாதத்தில் கட்டுரைகளின் தொகை ஓர் இலட்சத்தை எட்டியது. இன்று ஒன்றரை இலட்சத்தைத் தாண்டி நிற்கிறது.

இந்த ஒன்றரை இலட்சத்தையும் எழுதியவர்களுக்குச் சம்பளம் இல்லை. தொடர்ந்து எழுதுகிறவர்களின் தொகையும் பெரிதல்ல. பயிற்சிப் பட்டறை வைத்தால் பலர் வருகிறார்கள். போட்டி வைத்தால் இன்னும் பலர் வருகிறார்கள். ஒரு கட்டுரை, மிஞ்சினால் இரண்டு, எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். பரீட்சை வந்திருக்கும், வேலை கிடைத்திருக்கும், குழந்தை பிறந்திருக்கும். இவற்றையெல்லாம் நாம் தடுக்க முடியாது. ஆனால் முதற் கட்டுரையைப் பதிந்த சில மணி நேரத்துக்குள் அவருக்குக் கிடைக்கும் மறுமொழி முழுக்க முழுக்க நம் கையில் இருக்கிறது.

அது வழக்கமாக எப்படி இருக்கிறது? கட்டுரையின் தலைமாட்டில் ஒரு வார்ப்புரு, அதாவது ஆயத்த அறிவிப்பு, விழும். ‘மேற்கோள்கள் இல்லை’ என்று ஒன்று. ‘கலைக்களஞ்சிய நடையில் இல்லை’ என்று இன்னொன்று. ‘குறிப்பிடத்தக்கமை நிறுவப்படவில்லை’, அதாவது தனிக் கட்டுரைக்கு உரிய பொருள் என்று காட்டப்படவில்லை, என்று மூன்றாவது. சில வேளை நீக்கல் அறிவிப்பும் சேர்ந்துவிடும். ஒவ்வொன்றும் உண்மைதான். துப்புரவுப் பணி செய்பவர் ஒருவர், அண்மைய மாற்றங்கள் பக்கத்தில் வரிசையாக வரும் நூறு திருத்தங்களுக்கு நடுவே, தன் வேலை முடிந்து வந்த களைப்போடு அதைச் செய்கிறார். அவர்மேல் எனக்குக் குறை இல்லை. ஆனால் எழுதியவரின் பக்கத்திலிருந்து பாருங்கள். மூன்று மணித்தியாலம் செலவழித்து எழுதியிருக்கிறார். வார்ப்புரு என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. குறிப்பிடத்தக்கமை என்ற சொல்லையே முதன்முறையாகப் பார்க்கிறார். தன் எழுத்து பிழை என்பது புரிகிறது. இனி என்ன செய்வது என்பது புரியவில்லை.

இனி என்ன செய்வது. நல்ல மறுமொழிக்கும் வீண் மறுமொழிக்கும் உள்ள வேறுபாட்டை நான் இந்தக் கேள்வியை வைத்தே அளக்கிறேன். வாசித்து முடித்தவருக்கு நாளைக் காலையில் செய்ய ஒரு வேலை தெரிந்தால் அது நல்ல மறுமொழி.

இந்த அளவுகோலை வைத்து நம் மரபைத் திரும்பிப் பார்த்தால் கொஞ்சம் வருத்தம்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டு யாழ்ப்பாணம் கண்டனங்களின் களம். 1841இல் ‘உதயதாரகை’ இதழ் தொடங்கிய காலம் முதல் இங்கே அச்சேறிய எழுத்தில் கணிசமானது இன்னொருவர் எழுதியதை மறுத்து எழுதியது. கண்டனம், மறுப்பு, பரிகாரம் என்று முடியும் தலைப்புகளை நூலகப் பட்டியலில் எடுத்துப் பாருங்கள். ஆறுமுக நாவலரின் ‘சைவதூஷண பரிகாரம்’ 1854இல் வந்தது. அந்த மறுப்பு இலக்கியத்தால் தமிழ் உரைநடை வளர்ந்தது. தருக்கத்தைச் செம்மையாக எழுதும் பழக்கம் வந்தது. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கண்டனம் எதிரியை நோக்கி எழுதப்படுவது. அவர் எழுதுவதை நிறுத்திவிட வேண்டும் என்பதே அதன் விருப்பம். சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, ஏட்டுச் சுவடிகள் செல்லரித்துப் போகுமுன் ‘வீரசோழியம்’, ‘கலித்தொகை’ போன்ற நூல்களை அச்சேற்றப் பாடுபட்டவர். அவர்கூடத் தம் பதிப்புகளைக் குறை சொன்னவர்களுக்குப் பதிப்புரைகளிலேயே பதில் எழுத வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் இன்னொரு சுவடியை ஒப்புநோக்கியிருக்கலாம்.

இன்று கண்டனம் ஓய்ந்துவிட்டது. அதன் இடத்தில் நயவுரை வந்திருக்கிறது. நம் வெளியீட்டு விழாக்களில் வாழ்த்துரை, நயவுரை, மதிப்பீட்டுரை, ஏற்புரை என்று வரிசையாக நடக்கும். மதிப்பீட்டுரை செய்பவரும் மேடை நாகரிகம் கருதிக் கடைசி இரண்டு நிமிடத்தில் எழுத்துப்பிழைகளைச் சொல்லி அமர்ந்துவிடுவார். நூலாசிரியர் மகிழ்ச்சியோடு வீட்டுக்குப் போவார். அடுத்த நூலில் எதை மாற்றுவது என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். கண்டனமும் நயவுரையும் நமக்குப் பழக்கம். எழுதுகிறவரின் பக்கத்தில் இருந்து திருத்திக் கொடுப்பதும் இந்த மண்ணில் நடந்ததுதான். அதை நாம் மறந்துவிட்டோம்.

மானிப்பாயில் அது நடந்தது. அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, அடுத்த ஆண்டிலிருந்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தவர் 1860களில் கல்விமொழியைத் தமிழுக்கு மாற்றினார். மாற்ற வேண்டுமானால் பாடநூல் வேண்டும். பாடநூல் இல்லை. அவருடைய மாணவர்களும் உதவியாளர்களும் ஆங்கில நூல்களை மொழிபெயர்க்க, கிறீன் அவற்றை மூலத்தோடு வைத்துப் பார்த்துத் திருத்தினார். ‘பிரசவ வைத்தியம்’ 1857இல் வந்தது. ‘இரண வைத்தியம்’ 1867இல். கிறேயின் உடற்கூற்று நூல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என்ற பெயரில் 1872இல் வந்தது. வேதியியலுக்கு ‘கெமிஸ்தம்’ 1875இல். மொழிபெயர்த்த அந்த இளைஞர்கள் எழுத்தாளர்கள் அல்லர். பயிற்சி மருத்துவர்கள். தமிழில் இப்படி எழுதிய முன்மாதிரி அவர்களுக்கு இல்லை. கலைச்சொல்லும் இல்லை. இன்றைய விக்கிப்பீடியாவின் புதுப் பயனருக்கு உள்ள எல்லா இடர்களும் அவர்களுக்கு இருந்தன. இணையம் ஒன்றுதான் இல்லை.

கிறீன் அவர்களுடைய முதற் படியைப் பார்த்துவிட்டு ‘நடை சரியில்லை’ என்று திருப்பி அனுப்பியிருந்தால் தமிழில் மருத்துவக் கல்வி அந்த அறையிலேயே முடிந்திருக்கும். அவர் உட்கார்ந்து திருத்தினார். கலைச்சொற் பட்டியல் தயாரித்து, அடுத்த நூலை எழுதுகிறவர் அதே இடத்தில் தடுமாறாமல் இருக்க வழி செய்தார். 1873இல் அமெரிக்கா திரும்பிய பிறகும் தமிழ் நூற்பணியை அவர் விடவில்லை. ‘மனுஷ சுகரணம்’ 1883இல் வெளிவந்தது. அவர் இறந்தது அதற்கடுத்த ஆண்டு. இன்று ரொறன்ரோவில் இருந்து ஒருவர் பருத்தித்துறை மாணவியின் கட்டுரையைத் திருத்துவதை நாம் புதுமையாகப் பேசுகிறோம். கப்பலில் தபால் போய்வந்த காலத்தில் அது நடந்திருக்கிறது. டான்வோர்த், சப்மன் முதலிய அவருடைய மாணவர்களின் பெயர்கள் அந்த நூல்களோடு சேர்த்தே இன்றும் சொல்லப்படுகின்றன. திருத்தியவரின் பெயர் எழுதியவரின் பெயரை விழுங்கிவிடவில்லை. இதையும் நாம் கவனிக்க வேண்டும்.

சரி, இன்றைக்கு வருவோம். ஒரு மாதிரியை எடுத்துக்கொள்கிறேன். உயர்தர வகுப்பு மாணவி ஒருவர் பருத்தித்துறைத் தெருமூடிமடத்தைப் பற்றி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வரி பெரும்பாலும் இப்படித்தான் வரும்: ‘பருத்தித்துறையின் பெருமைமிகு அடையாளமாகத் திகழும் தெருமூடிமடம் எமது முன்னோரின் விருந்தோம்பற் பண்புக்கு எடுத்துக்காட்டாக இன்றும் கம்பீரமாக நிமிர்ந்து நிற்கின்றது.’ இதில் பிழையில்லை. தமிழ்த்தினப் போட்டிக்கு இந்த வரியைத்தான் நாம் அவருக்குக் கற்பித்தோம். இதற்குத்தான் புள்ளி போட்டோம். அந்த வரியைக் கலைக்களஞ்சியத்தில் கண்டதும் ‘கலைக்களஞ்சிய நடை இல்லை’ என்று சொல்வது, நாமே கற்பித்த பாடத்துக்கு அவரைத் தண்டிப்பதாகும்.

நான் சொல்லும் மறுமொழி வேறு. ‘வணக்கம். நான் தெருமூடிமடத்தை நேரில் பார்த்ததில்லை. மடம் வீதிக்கு மேலே எப்படி நிற்கிறது? திண்ணைகள் வீதியின் ஒரு பக்கமா, இரு பக்கமுமா? தூண் கல்லா, சுண்ணாம்புக் கட்டா? கூரைக்குக் கீழே வாகனம் போகுமா? முடிந்தால் ஒரு படம் எடுத்து விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றுங்கள். ஏற்றுவதற்கு நான் உதவுகிறேன்.’ இவ்வளவுதான். பெருமைமிகு, கம்பீரமாக என்ற சொற்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு வந்து இந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுதினால் கட்டுரையின் தொடக்கம் தானாக மாறிவிடும்: ‘தெருமூடிமடம் பருத்தித்துறையில் வீதியை மூடிக் கட்டப்பட்ட ஒரு மடம். வீதியின் இரு புறமும் திண்ணைகள் உள்ளன. கூரையின் கீழாக, திண்ணைகளுக்கு நடுவே போக்குவரத்து நடைபெறுகிறது.’ கம்பீரம் எங்கே போயிற்று? வாசிப்பவரின் கண்ணுக்கு முன்னே கட்டடம் வந்துவிட்டது. அந்தச் சொல்லுக்கு இனி அங்கே வேலையில்லை. எழுதியவர் அதைத் தானே எடுத்துவிடுவார். எடுக்காவிட்டால் அடுத்த வாரம் நான் எடுத்துவிட்டு, ஏன் எடுத்தேன் என்று தொகுப்புச் சுருக்கத்தில் ஒரு வரி எழுதுவேன்.

இங்கே ஒரு முறை இருக்கிறது. புதியவருக்கு மட்டுமே தெரிந்ததை முதலில் கேட்க வேண்டும். பகுப்பு இடுவது, உள்ளிணைப்புக் கொடுப்பது, மேற்கோளின் வடிவத்தைச் சரிசெய்வது, வழிமாற்று உருவாக்குவது எல்லாம் எனக்கு ஐந்து நிமிட வேலை. அவருக்கு அது ஒரு நாள் வேலை. ஆகவே அவற்றை நான் பேசாமல் செய்துவிடுவேன். அந்த மடத்துத் தூணைத் தொட்டுப் பார்ப்பது என்னால் முடியாது, அவரால் முடியும். அவருடைய உழைப்பை அங்கே செலவழிக்கச் சொல்ல வேண்டும். ஒரே நேரத்தில் பத்துக் குறையை எழுதி வைத்தால் அவர் எளிதான ஒன்பதைத் திருத்திவிட்டு முக்கியமான பத்தாவதை விட்டுவிடுவார். அல்லது பத்தையும் விட்டுவிட்டுப் போய்விடுவார்.

இனி மேற்கோள். நம் குடாநாட்டில் புதியவர் படும் பெரும் பாடு இதுதான். ‘அம்மம்மா சொன்னவ’ என்பது அவருக்குச் சான்று. கலைக்களஞ்சியத்துக்கு அது சான்றாகாது. அச்சில் வந்த, நம்பத்தக்க, மற்றவரும் எடுத்துப் பார்க்கக்கூடிய ஆதாரம் வேண்டும். அதை எங்கே தேடுவது? 1981 மே 31ஆம் திகதி இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. ஊர் வரலாற்றுக்கு மேற்கோள் கேட்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ‘மேற்கோள் தருக’ என்ற இரண்டு சொல், நூலகம் நிறைந்த ஒரு நாட்டு மாணவனுக்கு ஒரு பொருள் தரும். இங்கே உள்ள மாணவனுக்கு வேறு பொருள் தரும். ஆகவே மறுமொழி சொல்பவர் எங்கே தேடலாம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2005இல் தொடங்கப்பட்ட ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலகத்தில் ஈழத்து நூல்கள், பழைய பத்திரிகைகள், சஞ்சிகைகள், பாடசாலை மலர்கள், கோயில் மலர்கள் எல்லாம் யாரும் இலவசமாகப் படிக்கும்படி இருக்கின்றன. அவர் எழுதுவது ஒரு பாடசாலையைப் பற்றி என்றால் அதன் நூற்றாண்டு மலர் அங்கே இருக்கிறதா என்று நீங்களே ஒரு தடவை தேடிப் பார்த்துவிட்டு, இருந்தால் இணைப்பைக் கொடுங்கள். பக்கத்தைத் தேடி எடுப்பதை அவர் செய்யட்டும்.

இதோடு சேர்த்து ஒரு சங்கடமான விடயத்தையும் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் ஒருவர் இறந்தால் அந்தியேட்டியன்று ‘கல்வெட்டு’ என்ற நினைவு நூலை வெளியிடுகிறோம். அதில் அவருடைய பிறப்பு, கல்வி, தொழில், பொதுப்பணி, வம்சாவளி எல்லாம் இருக்கும். விக்கிப்பீடியாவுக்கு வரும் இளைப்பாறிய அதிபர் ஒருவரின் முதற் கட்டுரை அநேகமாகத் தம் தந்தையாரைப் பற்றியோ தம் ஆசிரியரைப் பற்றியோ இருக்கும். ஆதாரம் அந்தக் கல்வெட்டு. குடும்பம் வெளியிட்ட நினைவு நூல் தனித்த சான்று ஆகாது. அந்த வாழ்க்கை வரலாறு தனிக் கட்டுரையாக நிற்காமல் போகலாம். இதை எப்படிச் சொல்வது? எழுபது வயதுப் பெரியவர் அவர். சொல்பவர் பல்கலைக்கழக முதலாண்டு மாணவனாக இருக்கக்கூடும். பயனர் பெயரை வைத்து வயதும் தெரியாது. ஆணா பெண்ணா என்றும் தெரியாது. ‘தங்கள் கட்டுரை நீக்கப்படும்’ என்று எழுதினால் அவர் தந்தையாரையே நாம் நீக்கியதாக அவர் மனம் எடுத்துக்கொள்ளும். அது இயல்பு.

‘தாங்கள் எழுதியதை முழுவதும் படித்தேன்’ என்று தொடங்குங்கள். முழுவதும் படித்துவிட்டுத்தான் அப்படி எழுத வேண்டும். பிறகு அவர் எழுதியதில் எது கலைக்களஞ்சியத்துக்குப் பயன்படும் என்று காட்டுங்கள். தந்தையார் முப்பது ஆண்டு கற்பித்த பாடசாலையைப் பற்றிக் கட்டுரை இல்லாமல் இருக்கலாம். அவர் தொடக்கிய ஐக்கிய நாணய சங்கத்தைப் பற்றி, அவர் முன்னின்று வெட்டுவித்த குளத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லாமல் இருக்கலாம். அவற்றை எழுதினால் தந்தையாரின் பெயர் உரிய இடத்தில், உரிய சான்றோடு வரும். கட்டுரையை உடனே அழிக்காமல் அவருடைய பயனர் வெளிக்கோ, எழுதிப் பழகும் மணல்தொட்டிக்கோ நகர்த்திக் கொடுங்கள். எழுதியது தொலையவில்லை என்று தெரிந்தால் அவர் பேசத் தயாராவார். பிறகு கல்வெட்டின் ஒரு பிரதியை எண்ணிம நூலகத்துக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். அங்கே நினைவு மலர்களுக்கு இடம் இருக்கிறது. ஊர்களின் சமூக வரலாற்றை எழுதப்போகும் ஆய்வாளருக்கு நாளை அது பொன் போன்றது.

மொழி பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தமிழ் விக்கிப்பீடியா இரண்டு நாட்டுத் தமிழர் சேர்ந்து எழுதுவது. புலம்பெயர்ந்தவர்களையும் சேர்த்தால் பல நாட்டுத் தமிழர். இலங்கையில் நாம் வைத்தியசாலை என்று எழுதுவோம், தமிழ்நாட்டில் மருத்துவமனை. நாம் ரொறன்ரோ என்போம், அங்கே டொராண்டோ. அப்படி எழுதிய ஒரு புதியவரின் கட்டுரையை யாராவது ‘எழுத்துப்பிழை திருத்தம்’ என்று சுருக்கம் எழுதி மாற்றிவிட்டால், அவருடைய தமிழே பிழை என்று சொன்னதாகிவிடும். இலங்கை சார்ந்த கட்டுரையில் இலங்கை வழக்கு நிற்கலாம். மற்ற வழக்குக்கு வழிமாற்று வைத்தால் தேடுகிறவர் வந்து சேருவார். இதில் என் தீர்ப்பு கடுமையானது: புதியவரின் முதற் கட்டுரையில் வழக்குச் சொல்லில் கைவைக்கவே கூடாது.

உலகின் அனுபவமும் இதையேதான் சொல்கிறது. விக்கிப்பீடியாவுக்கு முன்னோடியாக 2000ஆம் ஆண்டில் நியூபீடியா என்ற ஒன்று தொடங்கப்பட்டது. அறிஞர்கள் ஏழு கட்டங்களில் பார்த்து ஒப்புதல் தந்த பிறகே ஒரு கட்டுரை வெளியாகும். 2003இல் அது மூடப்பட்டபோது முழுமை பெற்ற கட்டுரைகள் முப்பதைக் கூட எட்டியிருக்கவில்லை. முதலில் வெளியிடு, பிறகு எல்லோருமாகத் திருத்துவோம் என்று தொடங்கிய விக்கிப்பீடியாதான் நின்றது. ஆனால் அதற்கும் ஒரு நோய் வந்தது. ஆங்கில விக்கிப்பீடியாவில் தொடர்ந்து எழுதுகிறவர்களின் தொகை 2007இல் உச்சத்தைத் தொட்டுப் பிறகு குறைந்தது. ஏன் என்று ஆராய்ந்த ஹாவ்பேக்கர் முதலிய ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட கட்டுரையில், நாசவேலையைத் தடுக்க வந்த தானியங்கிக் கருவிகளும் ஆயத்த எச்சரிக்கைகளும் நல்லெண்ணத்தோடு வந்த புதியவர்களையும் விரட்டிவிட்டன என்று காட்டினார்கள். அவர்கள் எழுதியது முன்பைவிட அதிகமாக நிராகரிக்கப்பட்டது. நிராகரிக்கப்பட்டவர்கள் திரும்பி வரவில்லை. ஜேர்மன் விக்கிப்பீடியாவில் யானா கல்லுஸ் என்ற ஆய்வாளர் ஏறத்தாழ 4,000 புதியவர்களை எடுத்து, அவர்களில் குலுக்கலில் தெரிவான ஒரு பகுதியினருக்குச் சிறிய பாராட்டு விருது ஒன்றை அவர்களுடைய பக்கத்தில் இட்டுப் பார்த்தார். பணம் இல்லை, பொருள் இல்லை. விருது பெற்றவர்களில் அடுத்த மாதமும் எழுத வந்தோர் மற்றவர்களைவிட 20 வீதம் அதிகம். ஒரு சிறிய பாராட்டுக்கு இவ்வளவு வலிமை இருக்குமானால், அக்கறையோடு கேட்கப்பட்ட ஒரு கேள்விக்கு இன்னும் கூடிய வலிமை இருக்கும் என்று நான் நம்புகிறேன்.

நமக்கே உரிய ஓர் அனுபவமும் உண்டு. 2009, 2010ஆம் ஆண்டுகளில் கூகுள் நிறுவனம் மொழிபெயர்ப்பாளர்களைக் கூலிக்கு அமர்த்தி ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழாக்கி விக்கிப்பீடியாவில் இட்டது. நீளமான கட்டுரைகள். நமக்கு வேண்டிய தலைப்புகள் பல அதில் இல்லை. இருந்தவற்றின் தமிழ் வாசிக்கக் கடினமாக இருந்தது. தமிழ் விக்கிப்பீடியர்கள் குறைகளை எடுத்துக்காட்டுகளோடு பட்டியலிட்டார்கள். எந்தத் தலைப்புகள் தேவை என்று கேட்டார்கள். நிறுவனத்தோடு பேசினார்கள். 2010இல் போலந்தின் கடான்ஸ்க் நகரில் நடந்த விக்கிமேனியா மாநாட்டில் அவர்களில் ஒருவரான அ. இரவிசங்கர் இதைப் பற்றிய ஆய்வுரையை வைத்தார். அந்தக் கட்டுரைகளில் பேச்சுப் பக்கத்தில் கேட்ட பல கேள்விகளுக்கு எழுதியவர்களிடமிருந்து பதில் வரவில்லை. கட்டுரையை இட்டவுடன் அவர்களுக்கு வேலை முடிந்துவிட்டது. புதிதாகத் தானே விரும்பி எழுத வரும் மாணவியிடம் அந்தக் குறை இல்லை. அவர் பதிலுக்குக் காத்திருக்கிறார். நாம் கேட்டால் சொல்வார். இப்போது இயந்திர மொழிபெயர்ப்பை ஒரு சொடுக்கில் எடுத்து ஒட்டிவிட முடிகிற காலத்தில் அந்தக் காத்திருப்பு எவ்வளவு பெறுமதியானது என்று எண்ணிப் பாருங்கள்.

இவ்வளவு இதமாகப் பேசுகிறாயே, கண்டிப்பே வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும். இரண்டு இடத்தில் உடனே, தயங்காமல், கண்டிப்பாக நடக்க வேண்டும். ஒருவர் எழுதிய நூலிலிருந்தோ பத்திரிகையிலிருந்தோ பந்தி பந்தியாக எடுத்து ஒட்டியிருந்தால் அதை அன்றே நீக்க வேண்டும். அது மற்றவரின் உடைமை. உயிரோடு இருக்கும் ஒருவரைப் பற்றி ஆதாரமில்லாமல் பழி எழுதியிருந்தால் அதையும் அன்றே நீக்க வேண்டும். இவற்றில் பொறுமை காட்டுவது இன்னொருவருக்குச் செய்யும் தீங்கு. நீக்கிய பிறகு ஏன் நீக்கினோம் என்று இரண்டு வரியில் விளக்கி, தன் சொந்தச் சொற்களில் எழுதும்படி கேட்க வேண்டும். நகலெடுத்தவர் எல்லோரும் திருடர் அல்லர். பாடசாலை ஒப்படைக்கு இணையத்திலிருந்து எடுத்து ஒட்டுவதைப் பல ஆண்டுகளாக நாம் கண்டும் காணாமல் விட்டிருக்கிறோம்.

நடைமுறையில் சில சின்னச் சின்ன விடயங்கள் இருக்கின்றன. கைத்தொலைபேசியில் எழுதும் மாணவருக்குப் பேச்சுப் பக்கம் ஒன்று இருப்பதே தெரியாமல் போகலாம். பட்டறை நடத்துகிறவர்கள் தொகுப்பதைக் கற்பிக்கும் முன்பு பேச்சுப் பக்கத்தைத் திறந்து ஒரு வரி பதில் எழுதக் கற்பிக்க வேண்டும். பொது உரையாடல் நடக்கும் ஆலமரத்தடியும் உதவி கேட்கும் ஒத்தாசைப் பக்கமும் எங்கே என்று காட்ட வேண்டும். பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்து பழகிய பெரியவர்கள் அதை அப்படியே ஒட்டினால் ஆங்கில எழுத்துகள் குழம்பி வரும். அதை நாசவேலை என்று எண்ணி அழித்துவிடாதீர்கள். ஒருங்குறிக்கு மாற்றிக் கொடுத்துப் பாருங்கள், உள்ளே நல்ல கட்டுரை இருக்கக்கூடும். கட்டுரை பதிந்த ஐந்தாவது நிமிடத்தில் அறிவிப்பு வைக்காதீர்கள். அவர் இன்னும் எழுதிக்கொண்டிருக்கலாம். மறுமொழியின் கீழ் உங்கள் பெயரை இடுங்கள். வார்ப்புருவுக்கு நன்றி சொல்ல யாருக்கும் தோன்றாது, பெயருள்ள மனிதருக்குத் தோன்றும்.

இங்கே இருக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். கட்டுரை திருத்தும் கலை உங்களிடம்தான் இருக்கிறது. விக்கிப்பீடியாவில் பெரிதாக எழுத நேரமில்லை என்றால் எழுத வேண்டாம். எழுத வந்தவர்களின் கட்டுரைகளைப் படித்து மறுமொழி சொல்லுங்கள். வாரத்தில் ஒன்று போதும். மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்க் கேணியை, சுமைதாங்கியை, ஆவுரஞ்சிக் கல்லைப் பற்றி எழுதுங்கள். யாராவது கேள்வி கேட்டால் அது உங்கள் கட்டுரையை அவர் கடைசி வரை படித்திருக்கிறார் என்பதற்கு அடையாளம். பதில் சொல்லுங்கள். தமிழ் விக்கிப்பீடியாவில் ஏற்கெனவே எழுதிவரும் நண்பர்களுக்குச் சொல்வது இதுதான்: இன்று இரவு அண்மைய மாற்றங்கள் பக்கத்தைத் திறந்து, இதுவரை நீங்கள் கண்டிராத ஒரு பயனர் பெயரைத் தேடி எடுங்கள். அவர் எழுதியதை முழுவதும் படியுங்கள். அவருக்கு மட்டுமே பதில் தெரியக்கூடிய ஒரு கேள்வியை அவருடைய பேச்சுப் பக்கத்தில் எழுதிவிட்டு உறங்கப் போங்கள்.